சோற்றுப் பானையும் சூட்டுக் காற்றும்



சில வாரங்களுக்கு முன் எமது பாடசாலையின் ஆசிரியர் அறையிலே ஓர் உரையாடல் நிகழ்ந்தது. இளம் ஆசிரியை ஒருவர் தம் வீட்டிற்குப் புதிதாக ‘எயார் ஃபிரையர்’ என்னும் கருவியொன்றை வாங்கியிருந்தார். கிழங்கும் மீனும் அதில் நன்றாகப் பொரிந்தன என்றும், அரிசியைக் களைந்து ஊறவைத்து அதற்குள் இட்டபோது மட்டும் பாதி பொரியாகவும் பாதி கல்லாகவும் போயிற்று என்றும் அவர் குறைபட்டார். அருகிலே பாடக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்த மூத்த ஆசிரியை தலை நிமிராமலே, “சோறு அவிவது தண்ணீரிலே பிள்ளை, காற்றிலே அன்று” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ஆயினும் அவ்வொரு வாக்கியத்தினுள்ளே சோறு சமைத்த வரலாறு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பொலபொலவென்று உதிரும் சோற்றை மனிதன் எவ்வாறு பெற்றான், அதற்காக யார் எவ்வளவு நேரம் அடுப்பைக் காத்து நின்றார்கள், அந்தக் காவலை இயந்திரம் எப்பொழுது ஏற்றுக்கொண்டது என்னும் இவற்றையே இன்று உங்களுடன் சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் அரிசியின் இயல்பை அறிதல் வேண்டும். அரிசி மணியின் பெரும்பகுதி மாப்பொருள். அம்மாப்பொருளிலே அமைலோசு, அமைலோபெத்தின் என இருவகைக் கூறுகள் உள. அமைலோசு மிகுந்த அரிசி வெந்தபின் மணிமணியாகப் பிரிந்து நிற்கும். குறைந்த அரிசி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாம் உண்ணும் நாட்டரிசி பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. யப்பானியர் உண்ணும் குறுமணி அரிசி இரண்டாம் வகையை நெருங்கியது. எந்த வகையாயினும், மணி நீரை உறிஞ்சி, ஏறக்குறைய 60 பாகை முதல் 80 பாகை செல்சியசு வரையான வெப்பத்தை அடைந்தபோதுதான் அதன் மாப்பொருள் வீங்கி இளகிச் சோறாகிறது. நீரின்றி வெப்பம் மட்டும் சேருமாயின் அரிசி வறுபடுமேயன்றி வேகாது.

ஆகவே அரிசி நம்மிடம் கேட்பவை மூன்று. அளவான நீர் ஒன்று. அந்நீரைக் கொதிநிலையில் வைத்திருக்கும் வெப்பம் ஒன்று. வெந்தபின் மூடிய கலத்தினுள்ளே ஆவியோடு சிறிது நேரம் அமைதியாக இருத்தல் மற்றொன்று. இம்மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அடுப்பிலிருந்து இறக்கியவுடன் கிண்டிய சோறு மேலே உலர்ந்தும் கீழே ஈரமாகியும் இருக்கும். பத்து நிமிடம் மூடிவைத்தால் ஈரம் மணிகள் எங்கும் ஒருசேரப் பரவும், உடையாமல் உதிரும். நுவரெலியாவில் வாழ்வோர் மேலுமொன்றை அறிவர். கடல்மட்டத்திலே 100 பாகையிற் கொதிக்கும் நீர், ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரமுள்ள அந்நகரிலே 94 பாகையளவிலேயே கொதித்துவிடுகிறது. ஆதலால் அங்கே சோறு வேகக் கூடுதல் நேரம் எடுக்கும்.

இம்மூன்று தேவைகளையும் நிறைவேற்ற மக்கள் மூன்று வழிகளைக் கண்டனர். நீரை மிகுதியாக விட்டு அவித்துக் கஞ்சியை வடித்துவிடுவது ஒரு வழி. இது நமது வழி. அளந்த நீரை அரிசியே முழுவதும் உறிஞ்சிக்கொள்ளுமாறு மூடிச் சமைப்பது இன்னொரு வழி. நீரில் மூழ்கவிடாமல் ஆவியிலே அவிப்பது மூன்றாவது வழி. சீனாவின் யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியிலே, ஹெமுது என்னும் இடத்தில், ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன் நெல் விளைத்து வாழ்ந்த மக்களின் குடியிருப்பு அகழ்ந்தெடுக்கப்பட்டது. அங்கே நெல்லோடு, அடியிலே துளைகள் கொண்ட மண் அவிகலமும் கிடைத்தது. நம் வீடுகளிலே பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியை நினைத்துக்கொண்டால் அக்கலத்தின் தொழில் எளிதில் விளங்கும்.

வடிக்கும் முறையின் நன்மை, நீரின் அளவு சற்றுப் பிழைத்தாலும் சோறு கெடாமை. மிகுந்த நீர் கஞ்சியாக வெளியேறிவிடும். ஒட்டும் பசையும் அதனோடு போய்விடும். மணிகள் பிரிந்து நிற்கும். அதன் தீமை, பக்கத்திலே ஆள் நின்றாக வேண்டியமை. அரிசியைச் சுளகிலே புடைத்து, அரிக்கன்சட்டியிலே அரித்துக் கல் நீக்கி, உலை கொதித்ததும் இட்டு, பொங்கி வழியாமல் விறகை இழுத்தும் தள்ளியும், அகப்பையால் ஒரு மணியை எடுத்து விரலால் நசித்துப் பதம் பார்த்து, உரிய கணத்திலே பானையைச் சரித்து வடிக்க வேண்டும். பதம் தப்பினாற் களி; முந்தினால் நடுவரிசி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் உவமையாக எடுத்தாள்வது, அடுப்படியிலே நின்றவளின் அறிவையேயாகும்.

இவ்விடத்திலே என் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் பொருந்தும். நான் ஆசிரியப் பணியிற் சேர்ந்த தொடக்க காலத்தில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி நாள்தோறும் முதற் பாடம் பாதியான பின்னரே வருவாள். காரணம் கேட்டால் வாய் திறவாள். ஒழுங்கு பேணுகின்றேன் என்ற எண்ணத்திலே அவளை வாசலில் நிற்கவைப்பேன். ஒருநாள் அவளுடைய தோழிதான் சொன்னாள்: “சேர், அவளின் அம்மா விடியுமுன்னே வயல் வேலைக்குப் போய்விடுவா. தம்பிமாருக்குச் சோறு வடித்து வைத்துவிட்டுத்தான் இவள் வரவேண்டும்.” அன்று நான் அடைந்த வெட்கம் இன்றும் மறையவில்லை. பானைக்குக் காவல் நின்ற நேரத்திற்காக ஒரு சிறுமியைத் தண்டித்திருக்கிறேன். சோற்றின் வரலாற்றை நான் ஆராயத் தொடங்கியது அந்த வெட்கத்திலிருந்துதான்.

இதே காவல் யப்பான் நாட்டிலே இன்னும் கடுமையாயிருந்தது. ‘கமதோ’ எனப்படும் மண்ணடுப்பிலே, விளிம்பு வைத்த இரும்புப் பானையைப் பொருத்தி, பாரமான மரமூடியால் மூடி, அளந்த நீரிலே அவர்கள் சோறு சமைத்தனர். வடித்தல் இல்லாமையால் நீரின் அளவும் நெருப்பின் அளவும் சிறிதும் பிழைக்கலாகாது. தொடக்கத்திலே சிறுதீ, நடுவிலே பெருந்தீ, குழந்தை அழுதாலும் மூடியைத் திறக்காதே என்னும் கருத்தமைந்த முதுமொழியொன்று அங்கே வழங்குகிறது. அழுகின்ற குழந்தையைத் தூக்கவும் கையொழியாத ஒரு தாயை அம்மொழியினூடே காண்கிறோம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1948 ஆம் ஆண்டளவில், புகை சூழ்ந்த அவ்வடுப்புகளைத் திருத்துவதையே கிராமப் பெண்களின் வாழ்வை மேம்படுத்தும் முதற்பணியாக அந்நாட்டு அரசு மேற்கொண்டது.

மின்சாரத்தாற் சோறு சமைக்கும் முயற்சி அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. 1945 இல் மிட்சுபிசி கம்பனி மின்சூடேற்றி பொருத்திய பாத்திரமொன்றை விற்பனைக்கு விட்டது. ஆனால் விறகு நீங்கிற்றேயன்றிக் காவல் நீங்கவில்லை. சோறு வெந்ததை அறிந்து மின்சாரத்தை நிறுத்த ஒருத்தி அருகில் நிற்கவேண்டியிருந்தது. தானே அறிந்து தானே நிறுத்தும் கருவியே தேவைப்பட்டது.

அத்தேவையை உணர்ந்தவர் தொசிபா கம்பனியின் ஊழியரான சோகோ யமதா என்பவர். துணி வெளுக்கும் இயந்திரத்தை விளம்பரப்படுத்தச் சென்ற இடங்களிலே இல்லத்தரசிகளோடு அவர் உரையாடினார். துணி வெளுப்பதிலும் பார்க்க, நாளுக்கு மூன்று வேளை சோறு சமைப்பதே பெருந்துன்பம் என்று அவர்கள் கூறினர். யமதா இதனைக் கருத்திற்கொண்டு, டோக்கியோவிலே நீர்சூடேற்றிகள் செய்யும் சிறு தொழிலகம் ஒன்றை நடத்திய யொசித்தத மினாமி என்பவரிடம் பணியை ஒப்படைத்தார். மினாமிக்கோ சோறு சமைக்கத் தெரியாது. தெரிந்தவர் அவருடைய மனைவி பூமிகோ.

பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அப்பெண்மணி ஏறக்குறைய மூன்றாண்டுகள் இடைவிடாது சோறு சமைத்து ஆராய்ந்தார். விறகடுப்பிற் சமைத்தார், மின்சாரத்திற் சமைத்தார், வெப்பநிலையை அளந்து குறித்தார், வெயிலிலும் குளிரிலும் பாத்திரத்தை வைத்துச் சோதித்தார். நீர் கொதிக்கத் தொடங்கியபின் ஏறக்குறைய 20 நிமிடம் வலுவாகக் கொதிக்கவிட்டால் நல்ல சோறு கிடைக்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கண்ணாலும் மூக்காலும் கையாலும் அறிந்துவைத்திருந்ததைப் பூமிகோ எண்களாக மாற்றினார்.

ஆயினும் அந்த 20 நிமிடத்தைக் கருவி எவ்வாறு அறியும்? அறையின் குளிர், அரிசியின் அளவு, நீரின் சூடு என்பன நாள்தோறும் மாறுபடும் அல்லவா? இங்கேதான் நுட்பம் இருக்கிறது. கொதிக்கும் நீர் உள்ள வரையில், எவ்வளவு சூடேற்றினாலும், கலத்தின் வெப்பநிலை 100 பாகைக்கு மேற் செல்லாது. கொடுக்கும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலே செலவாகும். நீர் தீர்ந்தவுடன் வெப்பநிலை திடீரென உயரும். எனவே அரிசிப் பாத்திரத்தை வேறொரு பாத்திரத்தினுள் வைத்து, வெளிப்பாத்திரத்திலே ஒரு கோப்பையளவு நீரை விட்டனர். அது கொதித்து ஆவியாகித் தீர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். தீர்ந்ததும் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டும். அப்போது இருவேறு உலோகத் தகடுகள் ஒட்டிய பட்டையொன்று சூட்டினால் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். குளிர்நாட்களில் வெப்பம் வெளியே கசியாதிருக்க இடையே காற்றுவெளி விட்டு மற்றோர் உறையும் சேர்த்தனர். காவலிருந்த பெண்ணின் கடமையை ஒரு கோப்பை நீரும் ஒரு சிறு உலோகப் பட்டையும் ஏற்றுக்கொண்டன.

1955 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் இக்கருவி விற்பனைக்கு வந்தது. விலை 3,200 யென். புதிதாகப் பணியிற் சேர்ந்த பட்டதாரி ஒருவரின் மாதச் சம்பளத்தில் அது ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. முதலிற் செய்யப்பட்டவை 700 மட்டுமே. வாங்குவோர் தயங்கினர். பானையருகில் நில்லாமற் சோறு சமைக்க முயல்வது சோம்பேறித்தனம் என்னும் எண்ணமும் அக்காலத்தில் இருந்தது. யமதா கிராமங்களுக்குச் சென்று மக்கள் முன்னிலையிலே சமைத்துக் காட்டினார். நேரங்குறிக்கும் விசையொன்றை இணைத்து, இரவிலே அரிசியும் நீரும் இட்டுவிட்டுத் துயின்றால் விடியும்போது சோறு ஆயத்தமாயிருக்கும் என்று மெய்ப்பித்தார். அதன்பின் நிலைமை மாறியது. சில ஆண்டுகளிலேயே யப்பானிய வீடுகளில் ஏறத்தாழப் பாதியிலே இக்கருவி இடம்பிடித்தது.

1956 இல் மற்சுசித்தா கம்பனியும் தன் கருவியைக் கொணர்ந்தது. 1960 களிலே அது ஹொங்கொங்கிற் பரவியது. பின்வந்த எளிய கருவிகள் வெளிப்பாத்திர நீரை நீக்கிவிட்டன. அரிசி தனக்குரிய நீரை உறிஞ்சி முடித்ததும் பாத்திரத்தின் அடி சூடேறுவதை ஒரு காந்தமே உணர்ந்து விசையை விடுவிக்கும்படி அமைத்தனர். 1970 களில் சோற்றைச் சூடாக வைத்திருக்கும் வசதியும் சேர்ந்தது. இன்று ‘றைஸ் குக்கர்’ என்ற பெயரில் நம் நாட்டிலும் எண்ணற்ற வீடுகளில் இருப்பது அதன் வழித்தோன்றலே. வடித்துண்ட நாம் அதனோடு அளந்த நீரிலே சமைக்கும் முறைக்கு மாறினோம். கஞ்சி குடிக்கும் வழக்கமும் பல வீடுகளில் அதனோடு நின்றது.

இனி எயார் ஃபிரையருக்கு வருவோம். அதன் குலவரலாறு வேறு. 1940 களின் நடுப்பகுதியிலே, அமெரிக்கரான வில்லியம் மக்சன் என்பவர், வானூர்திகளிலே உறைந்த உணவைச் சூடாக்குவதற்காக விசிறி பொருத்திய அடுப்பொன்றை அமைத்தார். சூட்டுக் காற்றைச் சுழலவிட்டால் உணவு விரைவாகச் சூடேறும் என்பது அதன் தத்துவம். அத்தத்துவத்தைச் சிறு கலத்தினுள் அடக்கி, எண்ணெய் அதிகமின்றிக் கிழங்குச் சீவல்களைப் பொரிக்க வழிகண்டவர் ஒல்லாந்து நாட்டினரான பிரெட் வான் டெர் வெய். 2010 இல் பிலிப்சு கம்பனி பேர்லின் நகரக் கண்காட்சியிலே அக்கருவியை உலகிற்கு அறிமுகஞ் செய்தது.

பொரிப்பது என்றால் என்ன? உணவின் மேற்பரப்பிலுள்ள நீரை விரைவாகப் போக்கி அதனை மொறுமொறுப்பாக்குவது. ஆகையால் அக்கருவியின் கூடையிலே துளைகள் உள. 200 பாகை வரை சூடான காற்று மேலிருந்து வேகமாக வீசும். எழும் ஆவி பின்புறத் துவாரத்தால் வெளியேறும். ஆவியை வெளியேற்றவே பிறந்த கருவி அது. சோறோ ஆவியை உள்ளே அடக்கி வைத்தாலன்றி விளையாது. எமது இளம் ஆசிரியையின் அரிசி கல்லானதற்குக் காரணம் அவருடைய கைப்பிழையுமன்று, கருவியின் பிழையுமன்று. ஒன்றுக்கொன்று மாறான இரண்டு வரலாறுகளை அவர் ஒரே கூடையில் இட்டுவிட்டார்.

எனினும் அரிசியின் மூன்று தேவைகளையும் அறிந்தவர் எந்தச் சூட்டிலும் சோறு சமைக்கலாம். எயார் ஃபிரையரிலும் இயலும். கூடையினுள்ளே அடங்கக்கூடிய, வெப்பந்தாங்கும் உலோகப் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்க. பாசுமதி போன்ற நீள்மணிப் பச்சையரிசி ஒரு கோப்பையை, களைந்த நீர் தெளியும் வரை கழுவி அரை மணித்தியாலம் ஊறவைத்து வடித்து அதில் இடுக. நன்கு கொதித்த நீர் இரண்டு கோப்பைக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி உப்பிடுக. குளிர்ந்த நீரை விட்டால், காற்று அதனைக் கொதிக்கவைப்பதற்கே நெடுநேரம் செல்லும். பாத்திரத்தின் வாயை அலுமினியத் தாளால் இறுக மூடி விளிம்பைச் சுற்றிலும் மடித்துவிடுக. தளர்வாக இருந்தால் விசிறிக்காற்று தாளைத் தூக்கிச் சூடேற்றும் கம்பியிலே மோதச் செய்யும். 180 பாகையில் ஏறக்குறைய 30 நிமிடம் வைத்து, விசையை நிறுத்தி, திறவாமல் இன்னும் 10 நிமிடம் விடுக. பின்னர் முள்ளுக்கரண்டியால் மெல்லக் கிளறினாற் சோறு பொலபொலவென்று உதிரும். குத்தரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் நீரும் நேரமும் கூடுதலாக வேண்டும்.

இங்கே நாம் செய்தது யாது? காற்றிலே சோறு சமைக்கவில்லை. காற்றடிக்கும் கருவியினுள்ளே நம் பாட்டியின் பானையையும் மூடியையும் நீரையும் மீண்டும் வைத்தோம். மூத்த ஆசிரியை சொன்னதே மெய்யாயிற்று.

இந்த அறிவு வெறும் சமையற் செய்தியன்று. 2022 ஆம் ஆண்டை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எரிவாயுக் கொள்கலனுக்காக மக்கள் வீதிகளிலே வரிசையாக நின்றனர். மார்ச்சு மாத இறுதியிலே நாளொன்றுக்குப் 10 மணித்தியாலத்திற்கும் மேலாக மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எரிவாயு அடுப்பும் றைஸ் குக்கரும் ஒருங்கே செயலற்றிருந்த அந்நாட்களிலே, முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகு மூட்டினோம். உலை எப்போது கொதிக்கும், எவ்வளவு நேரம் அவியவேண்டும், எந்தப் பதத்தில் வடிக்கவேண்டும் என்று அறிந்திருந்த வீடுகளில் நேரத்திற்குச் சோறு கிடைத்தது. விசையை அழுத்த மட்டும் அறிந்திருந்தோர் அயல்வீட்டு அம்மாவிடம் சென்று கேட்டனர். கேட்டது தாழ்வன்று; ஆனால் அடுத்த முறை கேட்பதற்கு அந்த அம்மா இருப்பாரா என்பதே என் கவலை.

அதனால் இயந்திரத்தை வெறுக்க வேண்டுமென்று நான் கூறவில்லை. வாசலில் நிற்கவைத்த அந்த மாணவியை நினைக்கும்போது அப்படிக் கூற எனக்கு நா எழாது. அவள் வீட்டிலே அன்று ஒரு றைஸ் குக்கர் இருந்திருந்தால் முதற் பாடத்தை அவள் இழந்திருக்கமாட்டாள். பூமிகோ என்னும் பெண்மணி மூன்றாண்டுகள் பானைக்குக் காவலிருந்து, உலகத்துப் பெண்களை அந்தக் காவலிலிருந்து விடுவித்தார். அவ்விடுதலை நம் வீடுகளிலே சரியாகப் பயன்படுகிறதா என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். கருவி மீட்டுத்தந்த நேரம் பெண்பிள்ளையின் படிப்புக்குச் சென்றால் நன்று. அது வேறொரு வீட்டுவேலையாக அவள் தலையிலேயே மீண்டும் ஏறுமாயின், கருவி வந்தும் காவல் நீங்கவில்லை என்பதே பொருள்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறை நாளொன்றிலே கருவிகளையெல்லாம் ஒதுக்கிவைத்து, பானையில் உலை வைத்து, சோறு வடிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். மகளுக்கு மட்டுமன்று, மகனுக்கும் கற்றுக்கொடுங்கள். ஒரு மணியை விரலால் நசித்துப் பதம் பார்க்க அவர்கள் அறிந்துவிட்டால், எயார் ஃபிரையர் வரட்டும், அதற்குப் பின் வேறெந்தக் கருவியேனும் வரட்டும். அவர்கள் கையிலே சோறு கல்லாகாது. விறகடுப்புக்கே திரும்ப நேர்ந்தாலும், அந்த மாணவியைப் போல ஒருத்தி மட்டும் அடுப்படியில் நின்று பாடத்தை இழக்க வேண்டியும் இராது.